மரியாதைக்காகச் சொன்ன இரண்டு பதில்கள்

சித்தூர் தொலைபேசி அலுவலகத்தில் பில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தபோது நான் மயங்கி விழுந்தேன். வரிசையில் நின்றவர்கள், நான் பேனாவைத் தேடக் குனிந்திருக்கிறேன் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் பொறுமையாக நின்றார்களாம். எங்கள் அலுவலகத்துக்கு வருகிற ஜனங்களை அந்த அளவுக்குப் பழக்கி வைத்திருந்தோம். கடைசியில் பக்கத்துக் கவுண்டரிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தியவள் என் ஜோடிதான்.

ஜோடி என்றால் ஆட்டத்தில் ஜோடி. டென்னிகாய்ட். ரப்பர் வளையம் ஒன்று வலைக்கு மேலே வரும். அதை ஒரே கையால் பிடித்து, பிடித்த கையாலேயே உடனே திருப்பி வீச வேண்டும். இரண்டு கையும் பட்டால் தப்பு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆடுகிற ஆட்டம்தானே என்பார்கள். பள்ளிக்கூடத்தோடு விட்டவர்கள் சொல்வது அது. நாங்கள் விடவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் டிரங்க் ஆபரேட்டர்களாகச் சேர்ந்தவர்கள். அப்போது சித்தூரிலிருந்து மெட்ராஸுக்குப் பேச வேண்டுமானால் ஊரே எங்களிடம் கெஞ்சும். மாங்காய் மண்டிக்காரர் தட்டோடு பழம் அனுப்புவார். பிறகு தெருவுக்குத் தெரு எஸ்டிடி பூத் வந்தது, எங்களுக்கு வேலை பாதியானது. பிறகு செல்போன் வந்து பூத்தை விழுங்கியது. எங்களைக் கவுண்டரில் உட்கார வைத்து, போன் வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க வருகிறவர்களிடம் கையெழுத்து வாங்கச் சொன்னார்கள். சேர்ந்து ஆடினவர்கள் ஒவ்வொருவராக விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூரு, ஹைதராபாத் என்று பிள்ளைகளோடு போய்விட்டார்கள். அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த கோர்ட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். எதிரே ஆட ஆள் இல்லாததால் கேஷியரையும் டிரைவரையும் பிடித்து வைத்து ஆடுவோம். அவர்கள் பயந்து பயந்து ஆடுவார்கள்.

மயக்கம் தெளிந்ததும் என்னைத் திருப்பதிக்குக் கொண்டுபோனார்கள். இதயம் மெதுவாக அடிக்கிறது, சில சமயம் அடிக்கவே மறந்துவிடுகிறது, பேஸ்மேக்கர் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். சின்ன வயசுக்காரர், தெலுங்கில் மரியாதையாகப் பேசினார். கட்டிலுக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் நின்றிருந்தார். டாக்டர் என்னைப் பார்த்து, எந்தக் கைப் பழக்கம் என்று கேட்டார்.

"வலது கை சார்" என்றேன், அவர் கேட்டு முடிக்கும் முன்பே.

நான் இடது கைக்காரி. பிறந்தது நகரிப் பக்கம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின கிராமம். இடது கையால் சோற்றைத் தொட்டால் கைமேல் கரண்டிக் காம்பு விழும். எழுதுவதும் துன்னுவதும் வலதுக்கு மாறின. கூட்டுவது, துவைப்பது, கல்லெறிவது எல்லாம் இடதிலேயே நின்றுவிட்டன. பெண் பார்க்க வந்த அன்று அம்மா என் காதில் சொன்ன ஒரே புத்தி, தட்டை வலது கையால் நீட்டு என்பதுதான். அந்தக் கேள்வியை யார் எங்கே கேட்டாலும் எனக்கு அது பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற கேள்வி. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தாலும் அதேதான். என் ஜோடி அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் தண்ணீர் பாட்டில் வாங்கப் போயிருந்தாள்.

அடுத்த கேள்வியை டாக்டர் என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அம்மா தூக்கத்தில் குறட்டை விடுவாரா?

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க சார்" என்றார் இவர்.

எனக்கு அது பொய் என்றே தெரியாது. தூங்குகிறவளுக்கு எப்படித் தெரியும்? அவர் வேலை பார்த்த பால் பண்ணையை மூடினதும் குவைத்துக்குப் போனார். பல வருஷம் அங்கே இருந்துவிட்டுத் திரும்பி வந்து, சித்தூரில் இன்வெர்ட்டர் பேட்டரிக் கடை வைத்தார். வந்த நாளிலிருந்து ஹாலில்தான் படுக்கை. ஹாலில் காற்று நன்றாக வருகிறது என்பார். குவைத்தில் ஏசியில் படுத்துப் பழகினவர், ஏதோ புழுக்கம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

வலது கைக்காரர்களுக்கு இடது தோளுக்குக் கீழேதான் பேஸ்மேக்கர் வைப்பார்களாம், பழக்கமான கைக்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று. எனக்கும் அந்த மரியாதையைச் செய்தார்கள். தீப்பெட்டி அளவு ஒரு பொருள், என்னுடைய ஆடுகிற கைக்கு நேர் மேலே போய் உட்கார்ந்துகொண்டது.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொன்னதைக் கேட்டுக்கொண்டேன். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்காதீர்கள். பளு தூக்காதீர்கள். அந்தப் பக்கம் செல்போன் வைக்காதீர்கள். வயர் இதயத்தில் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், இழுத்தால் நகர்ந்துவிடும். வலது கை உங்கள் இஷ்டம். நான் ஒரே ஒரு சந்தேகம் கேட்டேன்: டென்னிகாய்ட் எப்போது ஆடலாம்? அவருக்கு அந்த ஆட்டம் தெரியவில்லை. படுக்கையில் உட்கார்ந்தபடியே வளையத்தைப் பிடித்து வீசுவது போல் செய்து காட்டினேன். பாதியில் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எந்தக் கையால் காட்டினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. டாக்டர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினவர், ஒரு விளையாட்டு மீட்டுக்குக்கூட வந்து நான் ஆடுவதைப் பார்த்ததில்லை. வீட்டில் சப்பாத்தி தேய்ப்பதைப் பார்த்தாவது தெரிந்திருக்கலாம். "எனக்குச் சொல்லவே இல்லியேமே" என்றார், நான் எதையோ மறைத்துக் கல்யாணம் செய்துகொண்டதுபோல. என் ஜோடி வராந்தாவில் நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. மூன்று மாதம் போகட்டும், பார்த்துச் சொல்கிறேன், அதுவரை இடது கையால் ஆட்டம் கூடவே கூடாது என்றார்.

மூன்று மாதம்தான் எங்களிடமும் இருந்தது. என் ஜோடியின் மகளும் மருமகனும் அமெரிக்காவில் சாஃப்ட்வேரில் இருந்தார்கள். மகளுக்கு முதல் பிரசவம். என் ஜோடி விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டாள். வீட்டைக் காலி செய்து சாமானை அண்ணன் வீட்டில் போட்டுவிட்டாள். அவள் புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகிறது, திரும்பி வர இங்கே யாரும் இல்லை. போனால் பேரக்குழந்தையை விட்டு வரமாட்டாள் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மாநில மீட் அந்த வருஷம், மூன்று மாதம் கழித்து, திருப்பதியில். அதில் என்னோடு ஆடிவிட்டுத்தான் விமானம் ஏறுவேன் என்று மருமகனிடம் சொல்லி டிக்கெட்டைத் தள்ளி வைக்கச் சொல்லியிருந்தாள். அதை அவள் எனக்குச் சொன்ன இடம் ஆஸ்பத்திரி கேன்டீன். நான் இட்லியைத் துன்னாமல் பிசைந்துகொண்டே இருந்தேன். ஆட முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

"வலது கையால ஆடுக்கா" என்றாள்.

"வலது கையால எனக்குச் சோறு துன்னத்தான் தெரியும்" என்றேன்.

தையல் ஆறினதும் டாக்டரிடம் கேட்டு ஆரம்பித்தோம். சின்னப் பிள்ளைக்கு நடை பழக்குவது மாதிரி என்னை நிற்க வைத்து அவள் வளையம் போடுவாள். வலது கைக்கு வளையம் எங்கே வருகிறது என்றே தெரியவில்லை. மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வளையல் மாதிரி தொங்கும். இடது கையோ கேட்காமலே முன்னால் வந்துவிடும். கடைசியில் முந்தானையை இடது கைக்கு மேலே சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு ஆடினேன். எதிர்ப்பக்கம் நின்று ஆடின கேஷியர் முதல் தடவையாக எங்களை ஜெயித்தார். ஜெயித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

ஜோடி ஆட்டத்தில் எப்போதும் கோர்ட்டின் இடது பாதி என்னுடையது, வலது பாதி அவளுடையது. வெளிக்கோட்டுப் பக்கம் ஆடுகிற கை இருந்தால் எட்டிப் பிடிக்கலாம், அதுதான் எங்கள் பலம். இப்போது என் பக்கம் ஓட்டையாகிவிட்டது. கொஞ்ச நாளில் அவள் ஒன்றும் சொல்லாமல் குறுக்கே ஓடி வந்து என் பக்க வளையத்தைப் பிடிக்க ஆரம்பித்தாள். உடம்பு கனத்தவள், மூச்சிரைக்க ஓடுவாள். வேண்டாம் என்றால் கேட்கமாட்டாள். நானும் இடது பக்கம் வருவதை அவளுக்கு விட்டுவிடப் பழகினேன்.

இதெல்லாம் ஒருபுறம் இருக்க, எனக்குத் தூக்கம் தீரவே இல்லை. இதயம் ஒழுங்காக அடிக்கிறது, ஆனால் கவுண்டரில் உட்கார்ந்தால் தலை மேஜையைத் தொடும். ஒரு செட்டுக்கும் இன்னொரு செட்டுக்கும் நடுவே பெஞ்சில் உட்கார்ந்து தூங்கிவிடுவேன். பேஸ்மேக்கர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எனக்குப் பயம். அதை வைத்துக்கொண்டு ஆடவும் முடியாது, ஆடாமலும் முடியாது என்று இருந்தேன். மறுபடியும் திருப்பதிக்குப் போனோம். அந்தத் தடவை என் ஜோடியும் அறைக்குள் வந்தாள். டாக்டர் கம்ப்யூட்டரில் பார்த்து, கருவி நன்றாக வேலை செய்கிறது என்றார். பிறகு பழைய கேள்வியை மறுபடி கேட்டார். குறட்டை?

"இல்லீங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

என் ஜோடி எழுந்து நின்றாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவள்தான், ஆனால் ஆவேசம் வந்தால் எங்களோடு பழகின தமிழ்தான் வாயில் வரும். டாக்டருக்குப் புரிந்ததா புரியவில்லையா என்றுகூடப் பார்க்கவில்லை.

"சார், அவரு பொய் சொல்றாரு. மீட்டுக்குப் போறப்பல்லாம் நாந்தான் பக்கத்துல படுத்துக்கினு இருக்கேன். லாரி மேடு ஏர்ற மாதிரி இருக்கும். திடீர்னு நின்னு பூடும். மூச்சே இருக்காது. நான் எழுந்து உக்காந்துக்கினு பாத்துக்கினே இருப்பேன், மறுபடி வர்ற வரைக்கும்."

டாக்டருக்குப் புரிந்தது. நின்றுவிடும் என்ற இடத்தை மட்டும் இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு என் வீட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்தார். இவர் பேந்தப் பேந்த விழித்துவிட்டு, கட்டின பொண்டாட்டி குறட்டை விடுகிறாள் என்று வெளி ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது, அது மரியாதையா என்று கேட்டார். வீட்டில் கல்யாணத்துக்கு மகள் வேறு இருக்கிறாளாம், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் தாயைப் பார்த்து மகளை எடு என்பார்களாம். எனக்கு அவர்மேலும் கோபம், என் ஜோடிமேலும் கோபம். என்னைப் பற்றி ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது. இத்தனை மீட்டிலும் ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி இவள் தூங்காமல் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். காலையில் கண் சிவந்திருந்தால், கொசு என்பாள்.

ஏன்டி சொல்லவில்லை என்று வெளியே வந்து சண்டை போட்டேன். "சொன்னா நீ என்னோட படுக்க வரமாட்டேக்கா, வேற ரூம் எடுப்ப" என்றாள். அதுவும் சரிதான். எடுத்திருப்பேன்.

தலையிலும் மார்பிலும் வயர் ஒட்டிப் படுக்க வைத்துப் பரிசோதனை செய்தார்கள். தூங்கும்போது தொண்டை அடைத்துக்கொண்டு மூச்சு நிற்கிறது, மூளை பாதி விழித்து மறுபடி இழுக்கிறது, அதனால் தூங்கியும் தூங்காத கணக்குதான் என்றார்கள். முதலிலேயே தெரிந்திருந்தால் அதற்கும் சேர்த்து வைத்தியம் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர், என் வீட்டுக்காரரைப் பார்க்காமல். மூக்குக்கு மேலே முகமூடி மாட்டி, குழாய் வழியாகக் காற்று அனுப்புகிற மெஷின் ஒன்று எழுதிக் கொடுத்தார்.

முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடியில் பார்த்தேன். காணிப்பாக்கத்துப் பிள்ளையார் நினைவு வந்தது, கும்பிட்டுக்கொண்டேன். மகள் போட்டோ எடுக்க வந்தாள், விரட்டிவிட்டேன். வார் இறுக்கினால் கன்னத்தில் தழும்பு, தளர்த்தினால் காற்று கண்ணுக்குள் அடிக்கிறது. அந்த வாரத்தில் நான் திட்டாத ஆள் இல்லை. ஆனால் பிறகு ஒரு நாள் காலையில் எழுந்தபோது தலை லேசாக இருந்தது. தலை என்பது இவ்வளவு லேசான பொருள் என்று எனக்கு யாருமே சொன்னதில்லை. அன்று கவுண்டரில் நாள் முழுக்க விழித்திருந்து, அலுவலகம் எவ்வளவு காலியாகிவிட்டது என்று முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன்.

மெஷினுக்குக் கரண்ட் வேண்டும், சித்தூரில் கரண்டுக்கு நேரம் காலம் கிடையாது. என் வீட்டுக்காரர் கடையிலிருந்தே பெரிய பேட்டரி கொண்டுவந்து மாட்டினார். மெஷினில் ஒரு சின்னத் தொட்டி உண்டு, காற்று காய்ந்துவிடாமல் இருக்க டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். பேட்டரிக்கும் அதே தண்ணீர்தான். இருட்டினதும் ஒரே கேனை எடுத்து முதலில் அதற்கு ஊற்றுவார், பிறகு எனக்கு ஊற்றுவார். அந்த வரிசையை அவர் மாற்றிக்கொண்டதே இல்லை. ஹாலில் இருந்த படுக்கை தானாக உள்ளே வந்துவிட்டது. ஹாலில் காற்று குறைந்துவிட்டதா என்று கேட்டேன். ஆமாம் என்றார்.

மீட்டுக்கு முந்தின நாள் என் ஜோடியும் நானும் ரயிலில் பாகாலா வழியாகத் திருப்பதி போய், நேராக டாக்டரிடம் போனோம். மெஷின் பையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். டாக்டர் எக்ஸ்ரே பார்த்தார், கருவியைச் சோதித்தார். வயர் நன்றாகப் பிடித்துக்கொண்டது, நாளைக்கு இடது கையாலேயே ஆடுங்கள், மூர்க்கமாக ஆடாதீர்கள் என்றார். எனக்கு அவரைக் கட்டிப் பிடிக்கலாம் போலிருந்தது. மரியாதை கருதி நிறுத்திக்கொண்டேன்.

ஷேர் ஆட்டோவில் திருச்சானூர் போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டே போனோம். பழையபடி இடது பாதி எனக்கு, வலது பாதி அவளுக்கு. நீ குறுக்கே வரக்கூடாது என்றேன். நான் எதுக்கு வரப்போறேன் என்றாள். நடுவில் வருகிற வளையம் எனக்கு, உயரமாக வந்தால் அவளுக்கு. ஆட்டோவில் பத்மாவதி தாயார் தரிசனத்துக்கு வந்த ஒரு குடும்பம் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தது. லாட்ஜில் சுடுதண்ணீர் உண்டா என்று கேட்கவில்லை, ஜெனரேட்டர் உண்டா என்று கேட்டோம். அன்று அவள் நன்றாகத் தூங்கினாள். காலையில் கொசு இல்லை.

எதிரே ஆட வந்தவர்கள் குண்டூர்ப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர், எங்கள் பிள்ளைகள் வயசு. எங்களைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். ஆட்டம் ஆரம்பித்தது. முதல் வளையம் என் இடது பக்கம் ஓரமாக வந்தது. நான் இடது கையை நீட்டினேன், வலியில்லை, தடையில்லை, கை பழைய கையாகவே இருந்தது. அதே நேரம் குறுக்கே அவள் வந்து என்மேல் மோதினாள். வளையம் இரண்டு பேர் கையிலும் பட்டுக் கீழே விழுந்தது.

"மன்னிச்சுக்கோக்கா, கால் வந்துடுச்சு" என்றாள்.

அடுத்தது அதே இடத்துக்கு வந்தது. அவள் வேண்டுமென்றே நின்றாள். நான் அவள் வருவாள் என்று விட்டுவிட்டேன். இரண்டு பேரும் பார்க்கப் பார்க்க வளையம் கீழே விழுந்து உருண்டது. அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள், இரண்டு வீச்சில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதன்பிறகு எல்லா வளையமும் அங்கேதான். "எனக்கு" என்று நான் கத்தினால் அவள் வந்துவிட்டிருப்பாள், அவள் கத்தினால் நான் போயிருப்பேன். நேராகக் கைக்கு வந்த ஒன்றை நான் வலது கையால் பிடிக்கப்போய்த் தவறவிட்டேன். மூன்று மாதம் எனக்காக அவள் பழகினதும் அவளுக்காக நான் பழகினதும் எங்களுக்கே எதிராக நின்று ஆடின. மூச்சு வாங்கவில்லை, மயக்கம் வரவில்லை, தூக்கம் வரவில்லை. இவ்வளவு நன்றாக இருந்த உடம்போடு நான் தோற்றதே இல்லை.

இரண்டு செட்டும் போய்விட்டது. அந்தப் பெண்கள் கைகுலுக்கிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்கள். நாங்கள் ஓரத்தில் சிமெண்டுப் படியில் உட்கார்ந்தோம். அவள் முகத்தைத் துடைத்தாள். அவளுடைய விமானம் அந்த வாரக் கடைசியில்.

"இன்னும் ஒரே ஒரு மேட்ச் ஆடினா செட் ஆயிடும்க்கா" என்றாள்.

"ஆமா. கடைசியில கொஞ்சம் சரியா வந்துச்சு" என்றேன். வரவில்லை.

அவள் எழுந்து, மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவர்களிடம் போனாள். தோற்றுப்போனவர்களுக்கு வேறு மேட்ச் ஏதாவது உண்டா என்று கேட்பது இங்கே வரை கேட்டது. இந்த மீட்டில் எத்தனையோ வருஷமாக ஆடுகிறவள், தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரியாதா? மேஜைக்காரர் சிரித்தபடி ஏதோ சொன்னார். அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இல்லியாம்க்கா" என்றாள்.